திரையில் தீட்டும் பிள்ளைகளும் திருத்திச் சொல்லும் பெரியவர்களும்

இந்த மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்கும் அன்பர்கள் வழக்கமாக இலக்கணத்தையோ கல்வெட்டையோதான் எதிர்பார்ப்பார்கள். இம்முறை பொருள் மாறியிருக்கிறது. காரணம், பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்தில் நடக்கும் பிள்ளைகளின் ஓவியக் காட்சி. முன்பெல்லாம் சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர் பூசிய படங்கள்தான் சுவரில் தொங்கும். சில ஆண்டுகளாகப் பாதிக்குமேல் டேப்லெட்டில் வரைந்து பிரிண்ட் எடுத்து வந்த படங்கள். அவற்றின் முன்னால் நின்று பெரியவர்கள் சொல்வது இரண்டே வாக்கியம். ஒன்று, "சூப்பர்ப்பா". மற்றொன்று, "இதை நீ வரைஞ்சியா, கம்ப்யூட்டர் வரைஞ்சுதா?" முதல் வாக்கியத்தால் பிள்ளைக்குப் பயனில்லை, இரண்டாவதால் கெடுதல். இவற்றுக்கு நடுவே சொல்லத்தக்கது நிறைய இருக்கிறது என்பதால் இதை எழுதப் புகுந்தேன். நான் ஓவியன் அல்லன். நாற்பது ஆண்டுகளாக மும்பையில் அச்சகங்களுக்குக் காகிதம் விற்பவன். அச்சுக்கு வரும் படங்களைப் பார்த்துப் பழகிய கண் உண்டு, அவ்வளவுதான்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கம்ப்யூட்டர் தானாக வரைவது வேறு, கம்ப்யூட்டரில் கையால் வரைவது வேறு. 2022 முதல், நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் படம் ஆக்கித் தரும் செயலிகள் பரவியிருக்கின்றன. அவ்வாண்டு அமெரிக்காவில் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் அப்படி ஆக்கிய படம் ஒன்று பரிசு வாங்கி, பெரிய சண்டையே நடந்தது. நம் பிள்ளைகள் செய்வது அது அன்று. கையில் பேனா, எதிரே திரை; கோடு கோணினால் திரையிலும் கோணல்தான். இந்த வழி புதிதும் அல்ல. 1963இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்பவர், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' என்ற ஏற்பாட்டைத் தம் ஆய்வாகச் செய்து காட்டினார். தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்களின் ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. ஐபேடில் பிள்ளைகள் விரும்பும் புரொக்ரியேட், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பிறந்து 2011இல் வெளிவந்தது. காசு கொடுக்க முடியாதவர்களுக்கு ஜிம்ப், கிருத்தா இரண்டும் இலவசம். கிருத்தா என்றால் சுவீடன் மொழியில் சுண்ணக்கட்டி, கிரேயான் என்று பொருளாம். நல்ல பெயர்.

"இதெல்லாம் சின்னப் பசங்க விளையாட்டு" என்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் பெரும் ஓவியர் டேவிட் ஹாக்னி 1937இல் பிறந்தவர். எண்ணெய் வண்ணத்தில் உலகப் புகழ் பெற்றபின், எழுபது வயது கடந்து, 2009இல் ஐபோனிலும் 2010இல் ஐபேடிலும் வரையத் தொடங்கினார். யார்க்ஷயர் வசந்தத்தை ஐபேடில் வரைந்து, பெரிதாக அச்சிட்டு, 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தார்.

இனி கருவியைப் பார்ப்போம். ஐபேட் வாங்க எல்லா வீட்டிலும் வசதி இராது. சில ஆயிரம் ரூபாய்க்குப் 'பென் டேப்லெட்' என்று ஒரு கறுப்புப் பலகை கிடைக்கிறது. அதில் படம் தெரியாது. பலகையில் கை ஓட, கம்ப்யூட்டர் திரையில் கோடு வரும். கண் ஓரிடம், கை ஓரிடம். இது கைவர வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரத்தில் பிள்ளை கிறுக்குவதைப் பார்த்து, "பணம் தண்டம்" என்று சொல்லிவிடாதீங்க. இந்தப் பேனாக்கள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. பலகைக்கு அடியில் உள்ள கம்பிச் சுருள்கள் காந்தப்புலத்தை எழுப்ப, பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதனால் அதிர்ந்து மறுமொழி அனுப்புகிறது. அதிலிருந்து பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பலகை கண்டுகொள்கிறது. அழுத்தினால் தடித்த கோடு, தடவினால் மெல்லிய கோடு. கோலமாவு விரலிடுக்கில் விழும் கணக்குத்தான்.

'லேயர்' என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தாளில் பென்சில் வரைவு, அதன்மேல் மைக்கோடு, இன்னொன்றில் வண்ணம், மற்றொன்றில் நிழல். ஒன்றை அழித்தால் மற்றது கெடாது. இந்த ஏற்பாடு திருத்தம் சொல்லுவதற்கும் எவ்வளவு உதவுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வசதிக்குள்ளேயே இரண்டு பள்ளங்கள் உள்ளன. ஒன்று, 'அண்டூ'. தப்பாகப் போன கோட்டை ஒரே தட்டில் இல்லாமல் ஆக்கலாம். நீர்வண்ணக்காரனுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அதனால் அவன் யோசித்துத் தூரிகை வைப்பான். நம் பிள்ளை ஒரே கோட்டை இருபது முறை போட்டு இருபது முறை அழிக்கிறான். மணிக்கணக்கு ஓடுகிறது, கை திருந்தவில்லை. வாரத்தில் ஒருநாளாவது அண்டூவைத் தொடாமல் வரையச் சொல்லுங்கள். மற்றது, 'ஜூம்'. பெரிதாக்கி, கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக வரைவான். சுருக்கிப் பார்த்தால் தலையே ஒருபக்கம் சாய்ந்திருக்கும்.

பயிற்சி என்றால் தினம் ஒரு முழுப்படம் முடிப்பது அல்ல. பெட்டி, உருளை, நீள்வட்டம் இவற்றை எல்லாக் கோணத்திலும் போடுவது. நிற்பவர், நடப்பவர், சுமப்பவர் இவர்களின் அசைவை அரை நிமிடம், இரண்டு நிமிடக் கணக்கில் பிடிப்பது. பழைய மேதைகளின் படத்தைப் பார்த்து எழுதுவது. இந்த மூன்றாவதைச் சிலர் காப்பி என்று இகழ்கிறார்கள். பிரான்சில் ஷார்ல் பார்க் என்பவர், ஷான்-லேயோன் ஜெரோமின் துணையோடு 1866 முதல் 1871 வரை பார்த்து வரையும் பாடத்தாள்களை வெளியிட்டார். வான்கோ அவற்றை வைத்துக்கொண்டுதான் கை பழகினார். வான்கோவுக்கு இல்லாத இழிவு நம் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வந்துவிடப் போகிறது? ஆனால், பார்த்து வரைந்ததைப் பார்த்து வரைந்தது என்று கீழே எழுத வேண்டும். அது நேர்மைக் கணக்கு.

தன் பிழையைத் தானே காண ஒரு பழைய உபாயம் உண்டு. எழுதிய படத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்கிறார் லியொனார்டோ டா வின்சி. இடம் வலமாக மாறினால் அது பிறர் கைப்படம்போல் தோன்றும், குற்றம் பளிச்செனத் தெரியும் என்பது அவர் கருத்து. திரையில் இதற்கு ஒரு பொத்தான் போதும். இன்னொரு பொத்தானால் வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம். அப்போது முகமும் சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், வண்ணம் எத்தனை பூசியும் முகம் எடுத்துக்காட்டாது. என் தொழில் ஞானமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அது ஆர்.ஜி.பி.; அச்சு மையால் காட்டுகிறது, அது சி.எம்.ஒய்.கே. திரையில் மின்னும் கிளிப்பச்சையும் நீலமும் தாளில் மங்கும். ஆர்ட் பேப்பரில் கொஞ்சம் நிற்கும். மேப்லித்தோ மையை உறிஞ்சிக்கொள்ளும், இன்னும் மங்கும். "பிரிண்ட்காரன் கெடுத்துட்டான்" என்று பிள்ளைகள் அழுவதில் பாதி இதுதான். ஏ4 அளவில் தெளிவாக அச்சாக வேண்டுமானால் 300 டி.பி.ஐ. கணக்கில் 2480க்கு 3508 புள்ளிகள் இருக்கும்படி, வரையத் தொடங்கும் முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். முடித்தபின் பெரிதாக்கினால் வேலைக்கு ஆகாது.

சரி, தலைப்பின் மறுபாதிக்கு வருவோம். 'ஃபீட்பேக்' என்பதைப் பின்னூட்டம் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு ருசியில்லை. திருத்தம் என்ற நம் பழைய சொல்லே போதும். நூல் எழுதியவன் அவையில் அரங்கேற்றி, குற்றம் கேட்டுத் திருத்திக்கொள்வது நமக்குப் பழக்கமானதுதானே.

இங்கே நன்னூலைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட இலக்கணம் செய்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடங்குமுன் ஆசிரியன், மாணாக்கன் இலக்கணம் வகுக்கிறார். நல்லாசிரியனுக்கு அவர் காட்டும் உவமைகள் நிலம், மலை, நிறைகோல், மலர். வியாபாரியான எனக்குத் தராசுதான் முதலில் கண்ணில் படுகிறது. ஐயம் தீரக் காட்டுவதும் பக்கம் சாயாமல் நிற்பதும் அதன் குணம். தராசு சரக்கைத் திட்டாது, புகழாது; எவ்வளவு குறைகிறது என்று மட்டும் காட்டும். ஆசிரியனாகத் தகாதவனுக்கும் நாலு உவமை வைத்தார். கழற்காய் இட்ட குடம் போட்ட வரிசையில் தராது, கவிழ்த்தால் கலந்து கொட்டும். மடல் நிறைந்த பனை, தானே விழுந்ததைத் தரும், ஏறிப் பறிக்க விடாது. பஞ்சு அடைத்த குண்டிகையிலிருந்து எடுப்பது பெரும்பாடு. முடத்தெங்கு தண்ணீர் ஊற்றியவன் வீட்டை விட்டு அடுத்தவன் கொல்லையில் காய் போடும்.

இதில் கழற்குடத்தைத்தான் ஓவியக் காட்சியில் அதிகம் பார்க்கிறேன். "மூக்கு சரியில்ல, பச்சை கூடிப்போச்சு, கை குட்டை, பேக்ரவுண்ட் காலியா இருக்கு, கையெழுத்தை ஏன் இங்க போட்டே" என்று ஒரே மூச்சில் ஏழெட்டு. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட பிள்ளைக்கு எதை முதலில் எடுப்பது என்று தெரியாது. வரிசை உண்டு: படம் முழுதின் அமைப்பு, பின் உருவம், பின் வெளிச்சம் நிழல், பின் வண்ணம், கடைசியில் நகமும் மயிரும். அமைப்பில் குறை இருக்கையில் நகத்தைப் பற்றிப் பேசுவது, அஸ்திவாரம் போடும் நாளில் ஜன்னல் திரைக்கு அளவெடுப்பது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி நகரப் பள்ளியில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் வரைந்த வண்ணத்துப்பூச்சி, கல்வியாளர்களிடையே பிரசித்தம். 'ஆஸ்டினின் வண்ணத்துப்பூச்சி' என்று ரான் பெர்கர் என்ற ஆசிரியர் அதை ஊர் ஊராகக் காட்டி விளக்கினார். புகைப்படத்தைப் பார்த்து, மஞ்சளும் கறுப்புமான ஒரு வகைப் பூச்சியை விஞ்ஞானப் படமாக வரைய வேண்டும். முதல் முறை எல்லாக் குழந்தையும் போடும் பூச்சியைப் போட்டான். வகுப்புப் பிள்ளைகள் முதலில் இறக்கையின் வடிவத்தை மட்டும் பேசினார்கள். உருண்டையாக இருக்கிறது, முக்கோணம்போல் கூர்மையாக வேண்டும் என்று. வடிவம் வந்தபின்தான் உள்ளே இருக்கும் கோலத்துக்குப் போனார்கள். ஆறாவது படம் வண்ணத்தோடு நிற்பதைப் பார்த்தால், முதல் படம் போட்ட அதே கை என்று நம்புவது கடினம். அன்போடு, குறிப்பாக, உதவும்படி சொல்ல வேண்டும் என்பது பெர்கர் வைத்த மூன்று விதி. சொன்னவர்கள் யார்? ஆறேழு வயதுக் குழந்தைகள். பவணந்தியாரும் இதைத்தான் கணக்காகச் சொல்கிறார்: ஆசான் சொல்லிப் பெறுவது கால் பங்கு, உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது கால், மீதிப் பாதி பிறருக்கு எடுத்துரைப்பதால் வருவது. பிறர் படத்தில் குறை கண்டு சொல்லப் பழகிய பிள்ளைக்குத் தன் படம் பார்க்கவும் கண் திறக்கும்.

திருத்தம் எப்போதும் நன்மையே செய்யும் என்றும் நினைத்துவிடக் கூடாது. க்ளூகர், டினிசி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 600க்கும் மேற்பட்ட சோதனை முடிவுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியில் நன்மைதான், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்னபின் வேலை கீழே போயிருந்தது. கவனம் வேலையை விட்டு ஆள்மேல் திரும்பும்போது இந்தக் கெடுதல் நேர்கிறது என்பது அவர்கள் விளக்கம். "உனக்குக் கலை வராது" என்பது ஆள்மேல் விழுவது. "நீ பிறவி மேதை" என்பதும் அப்படியே. "இந்த முழங்கை உடம்புக்குள்ளே புதைஞ்சு போன மாதிரி இருக்கு" என்பது வேலையைச் சொல்வது.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு பேச்சு. மகாராஷ்டிரத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு எலிமெண்டரி, இண்டர்மீடியட் என்ற அரசு வரைகலைத் தேர்வுகள் தெரியும். ஏ, பி, சி என்று கிரேடு வரும். சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டுவோம். பி வந்த பிள்ளை எதைத் திருத்தினால் ஏ ஆகும் என்பது அந்தத் தாளில் இல்லை. இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட சோதனையில், சில மாணவருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. எண்ணைப் பார்த்ததும் எழுத்து கண்ணில் படுவதில்லைபோலும். நம் காட்சியில் முதல், இரண்டாம் பரிசு கொடுக்கும் குழுவினர் இதை யோசிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அப்பாவுக்குச் சிறிய இஸ்திரிக் கடை. டிசைன் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கடன் வாங்கிப் பென் டேப்லெட் வாங்கிக் கொடுத்தார். ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்தார். அங்கே வாரம் ஒரு மதிப்பெண் போட்டார்களே தவிர ஏன் என்று சொல்லவில்லை. உறவினர் குழுவில் எல்லாரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள். ஓராண்டில் அவள் வரைந்த முகங்கள் அத்தனையும் இடப்பக்கமே பார்த்திருந்தன, கைகள் எல்லாம் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தன. ஒருவரும் சொல்லவில்லை. சொன்னவர், அந்தக் காலத்தில் சினிமா பேனர் எழுதி, ஃப்ளெக்ஸ் வந்தபின் தொழில் போன பெரியவர். டேப்லெட்டைத் தொட்டதே இல்லாதவர். "பாப்பா, நீ வரையத் தெரிஞ்சதை மட்டும் வரையறே. அடுத்த பத்துப் படத்தில கையை முன்னால வை. ஆளு வலப்பக்கம் திரும்பட்டும். கட்டம் போட்டு அளந்துக்க" என்றார். கட்டம் போட்டு, சிறு படத்தை நாற்பதடிக்குப் பெருக்கிய கை அது. அந்தப் பத்துப் படமும் பார்க்க நன்றாக இல்லை. அடுத்த பத்தில் கை வந்துவிட்டது. அதற்குள் அவள் அப்பா, "இன்னும் ஆறு மாசம் பார்ப்பேன், அப்புறம் பி.காம்.தான்" என்று நாள் குறித்துவிட்டிருந்தார். ஐ.ஐ.டி. பம்பாய் 2015 முதல் நடத்தும் யூசீட் போன்ற தேர்வுகளில், திரையை நம்பி இராமல், தாளில் பென்சிலாலும் வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் அந்தப் பெரியவர் சொல்லித்தான் வீட்டில் விசாரித்தார்கள்.

லேயரைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? தாளில் படம் வரைந்த காலத்தில் ஆசிரியர் பென்சிலைப் பிடுங்கி மேலேயே திருத்துவார், படம் அவருடையதாகிவிடும். திரையில் ஆசிரியர் புதிய லேயர் ஒன்றைத் திறந்து, சிவப்புக் கோட்டால் தோள் எங்கே வர வேண்டும் என்று காட்டலாம். பிள்ளையின் கோடு அடியில் அப்படியே இருக்கும். சிவப்பை மறைத்தும் காட்டியும் பார்த்தால் வேற்றுமை தானே விளங்கும். பிறகு சிவப்பை நீக்கிவிட்டுத் தன் கையால் மறுபடி வரைய வேண்டும். சிவப்பின்மேலேயே கோடு ஓட்டினால் அது பவணந்தியார் சொன்ன கிளிப்பிள்ளைக் கல்வி. வரைந்த முறையைத் தானே படம்பிடித்து வைக்கும் வசதியும் சில செயலிகளில் உண்டு. அதை ஓட்டிப் பார்த்தால், நாலு மணி நேரத்தில் மூன்று மணி தலைமுடிக்கே போயிருப்பது வெட்டவெளிச்சம்.

கேட்கும் பிள்ளைக்கும் கடமை உண்டு. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் வரும். "வெளிச்சம் ஜன்னல்லேர்ந்து வர்ற மாதிரி தெரியுதா?" என்று கேட்டால் பதிலும் அங்கேயே விழும். முடித்தபின் காட்டுவதைவிட, உள்ளங்கையளவு வரைவாக இருக்கும்போதே காட்டுவது மேல். அச்சகத்தில் பிளேட் போடுமுன் ப்ரூஃப் பார்ப்பது எதற்கு? பிளேட் போட்டபின் கண்ட பிழைக்குப் பணம் அழ வேண்டும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த முறை ஒன்று உண்டு: பார்த்தவர் முதலில் தம் மனத்தில் நின்றதைச் சொல்வது; பின் கலைஞர் கேள்வி கேட்பது; பின் பார்த்தவர் குற்றச்சாட்டு ஒளிந்திராத கேள்வி கேட்பது; கடைசியில், கலைஞர் சம்மதித்தால் மட்டும், அபிப்பிராயம். "பாட்டியை ஏன் இவ்வளவு இருட்டில வச்சே?" என்பதில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. "பாட்டி உட்கார்ந்திருக்கிறது என்ன வேளை?" என்பதில் இல்லை.

வந்த எல்லாத் திருத்தத்தையும் ஏற்க வேண்டும் என்பதும் இல்லை. பவணந்தியார் தலைமாணாக்கனுக்கு அன்னத்தையும் பசுவையும் காட்டினார். கடைசிக்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. நெய்யரி நெய்யைக் கீழே விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். பத்து நல்ல குறிப்பைக் கேட்டுவிட்டு, யாரோ சொன்ன ஒரு சுடுசொல்லை மட்டும் ஆண்டுக்கணக்கில் மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வேறு வேறு ஆட்கள் மூவர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே குறை உண்டு என்று கொள்ளலாம். அவர்கள் சொல்லும் மருந்து மூன்றும் மாறுபடலாம். மருந்தைப் பிள்ளையே தேடிக்கொள்ளட்டும்.

வரும் பொங்கல் காட்சிக்குச் சங்கச் செயலாளரிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வெற்றுத்தாள் ஒட்டுவோம். மேலே பிள்ளை தன் கேள்வி ஒன்றை எழுதட்டும், கீழே பார்ப்பவர்கள் பதில் எழுதட்டும். 'சூப்பர்' என்ற சொல்லுக்கு மட்டும் அன்று விடுமுறை. தாள் என் கடையிலிருந்து வரும், 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ, பென்சில் எழுத்து அதில் நன்றாகவே நிற்கும்.